ஆறு கிலோ முந்நூறு கிராம்

லூபுக் கம்பீர்
4 ஆகஸ்ட் 1993

உடா,

அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று வருடமாக எழுதாத தங்கை இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். சமாதானம் பேச எழுதவில்லை. உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் அறுவடையின்போது வேளாண் அலுவலகத்து ஆட்கள் வந்தார்கள். இரண்டரை மீட்டர் சதுர மரச்சட்டத்தைப் பதினொரு வயல்களில் வைத்து, சட்டத்துக்குள் நின்ற கதிரை மட்டும் அறுத்து, அடித்து, நிறுத்தார்கள். வருடா வருடம் நடப்பதுதான். என் வயலில் ஆறு கிலோ முந்நூறு கிராம் வந்தது. நிறுத்தவன் தராசைத் தட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை நிறுத்தான். அப்போதும் அதே ஆறு கிலோ முந்நூறு.

திங்கட்கிழமை ஊர்ப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். பத்துப் பேருக்கு எடை இருக்கிறது. என் எடைமேல் சிவப்புக் கோடு. பக்கத்தில், ‘வேலி 5.9. வெளியே விழுந்த எண், சேர்க்கவில்லை’ என்று எழுதியிருக்கிறது.

காபிக் கடையைத் தாண்டி நடக்க முடியவில்லை. ஜமாரிஸ் அக்கா முறை வைத்துக் கூப்பிட்டுக் கேட்கிறான்: “உனி, தராசுல நெல்லோட சேத்து எருமையையும் ஏத்திட்டீங்களா?” உள்ளே இருந்து இன்னொருத்தன், “எருமை இல்லப்பா, உனியோட கோவத்த ஏத்திருப்பாங்க. அதுவே ரெண்டு கிலோ வரும்” என்கிறான். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சிரிக்காமல் தலையைத் திருப்பிக்கொள்கிறவர்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர்கள் நான் நெல்லை நனைத்துவிட்டேன் என்று நம்புகிறார்கள்.

அது என் விதை. ஒன்பது போகமாக, ஒவ்வொரு அறுவடையிலும் நல்ல கதிராகப் பார்த்துப் பார்த்து நானே பொறுக்கி வைத்த விதை. மற்ற பத்து வயல்களிலும் அலுவலக விதை. இந்தப் பட்டியலை வைத்துத்தான் அடுத்த போகத்துக்கு ஊருக்கே ஒரே விதை என்று முடிவு செய்யப்போகிறார்கள். என் எண் இல்லாவிட்டால் என் விதையும் இல்லை. நானும் அவர்கள் கொடுப்பதைத்தான் விதைக்க வேண்டும்.

பஸ் ஏறி அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். எஃபெந்தி என்ற அதிகாரி, வார்த்தைக்கு வார்த்தை அம்மா போட்டு, மரியாதையாகத்தான் பேசினார். ஒரு மஞ்சள் புத்தகத்தை எடுத்துப் பதினான்காம் பக்கத்தைக் காட்டினார். “நாங்களா எதுவும் செய்யல இபு, விதி இருக்கு. எழுதினவர் பேருகூட இருக்கு பாருங்க” என்றார். பார்த்தேன். உங்கள் பெயர்.

என் உடாதான், கூடப் பிறந்த அண்ணன்தான் என்று நான் சொல்லவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் நம் குலத்துப் பெரிய வீட்டுக் கூட்டத்தில் என் கீழ்வயலைச் சித்தி வீட்டு மாலினுக்குக் கொடுக்கச் சொன்னபோது, என் பிள்ளைகளின் மூத்த தாய்மாமனாக நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காபிக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது மேல்வயலிலும் வந்து கோடு போட்டிருக்கிறீர்கள். ஏன் என்று சொல்லுங்கள்.

பலகையில் இருந்ததை அப்படியே எழுதியிருக்கிறேன்: 4.0, 3.2, 4.8, 3.9 (இது ஜமாரிஸ்), 2.9, 4.6, 3.7, 6.3, 3.1, 4.2, 3.6.

யுஸ்னிடார்


பாடாங்
9 ஆகஸ்ட் 1993

அன்புள்ள யுஸ்,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. புள்ளியியல் பற்றி யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. முதலில் கேட்டவள் நீ. அதுவும் இப்படி ஒரு கேள்வி. நான் சொல்வதில் பிழை இருக்கலாம். எதற்கும் நீயும் ஒரு தாளில் போட்டுப் பார்.

பதினொரு பேரையும் எடைப்படி வரிசையில் நிறுத்து: 2.9, 3.1, 3.2, 3.6, 3.7, 3.9, 4.0, 4.2, 4.6, 4.8, 6.3. வரிசைப்படுத்தாமல் தொடங்குவதுதான் இந்தக் கணக்கில் பலரும் செய்யும் தவறு. நடுவில் நிற்பவர் ஆறாவது ஆள். அது உன் ஜமாரிஸ். அவருக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நடு உண்டு. கீழ்ப்பக்கத்து நடு முதல் கால்மானம், மேல்பக்கத்து நடு மூன்றாம் கால்மானம். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் கால்மான வீச்சு. அதில் பாதியைக் கால்மான விலக்கம் என்போம்.

மிகப் பெரியதிலிருந்து மிகச் சிறியதைக் கழித்தால் போதாதா என்று கேட்பாய். போதாது. அப்படிச் செய்தால் ஓரத்தில் நிற்கும் ஒரே ஒரு ஆள் மொத்தக் கணக்கையும் தன் பக்கம் இழுத்துவிடுவார். கால்மான வீச்சு ஓரத்தில் நிற்பவர்களைப் பார்ப்பதே இல்லை. நீ அறுபது கிலோ அறுத்திருந்தாலும் அது அசையாது. அந்தக் குணத்துக்காகத்தான் நான் அதை நேசித்தேன் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் கால்மானத்துடன் வீச்சின் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் வேலி. வேலிக்கு வெளியே விழும் எண்ணைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

அலுவலகம் போட்ட கணக்கைக் கண்டுபிடித்துவிட்டேன். ஜமாரிஸை அவர்கள் இரண்டு பக்கத்திலும் சேர்த்திருக்கிறார்கள். பக்கத்துக்கு ஆறு பேர் ஆகிறது. கால்மானங்கள் 3.4, 4.4. வீச்சு 1.0. வேலி 4.4 உடன் 1.5 கூட்ட 5.9. நீ வெளியே.

ஜமாரிஸை எந்தப் பக்கத்திலும் சேர்க்காவிட்டால் பக்கத்துக்கு ஐந்து பேர். கால்மானங்கள் 3.2, 4.6. வீச்சு 1.4. வேலி 4.6 உடன் 2.1 கூட்ட 6.7. நீ உள்ளே.

மூன்று தடவை சரிபார்த்தேன். இரண்டும் பாடநூல்களில் உள்ள முறைகளே. கீழ்வயல் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை.

ஹஸ்னுல்


லூபுக் கம்பீர்
13 ஆகஸ்ட் 1993

உடா,

உங்கள் கடிதம் வந்த அன்றே தாளில் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்ன எண்களே வந்தன. பள்ளிக்கூடத்தில் வராத கணக்கு கோபத்தில் வருகிறது.

ஜமாரிஸை எல்லோர் முன்னாலும் கேட்டேன்: “நீ எந்தப் பக்கம்டா? ஆபீஸ்காரங்க உன்ன ரெண்டு பக்கமும் எண்ணியிருக்காங்க. பொண்ணு வீட்டு விருந்துலயும் மாப்பிள்ளை வீட்டு விருந்துலயும் சாப்பிட்டுட்டுப் போவியே, அது அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு.” பட்டியல் ஒட்டியதிலிருந்து முதல் முறையாகக் கடையில் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஆகவே விஷயம் முடிந்தது. ஒரே ஆள் இரண்டு பக்கம் ஆட முடியாது, இன்னொரு முறைதான் சரி, யுஸ்னிடார் வேலிக்கு உள்ளேதான் நிற்கிறாள் என்று எஃபெந்திக்கு இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் பெயர்தான் அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறதே, மறுக்க மாட்டார். விதை முடிவு செய்யும் கூட்டம் செப்டம்பர் இருபதாம் தேதி. சீக்கிரம் எழுதுங்கள்.

என் மகள், உங்கள் மருமகள், செய்த ரெண்டாங் கறி இத்துடன் வருகிறது. அவள்தான் அனுப்பச் சொன்னாள். நான் அனுப்பியதாக நினைக்க வேண்டாம்.

யுஸ்


பாடாங்
18 ஆகஸ்ட் 1993

அன்புள்ள யுஸ்,

ரெண்டாங் கிடைத்தது. அனுப்பியவளுக்கு நன்றி சொல்.

நீ கேட்ட இரண்டு வரியை எழுதினேன். உறையிலும் போட்டேன். பிறகு கிழித்துவிட்டேன். இதைப் படித்ததும் நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். ஆனாலும் கடைசி வரை படி.

எண்களைப் பார்த்துவிட்டு, தங்கைக்கு எது சாதகமோ அந்த முறையைத் தேர்ந்தெடுப்பது தராசில் விரல் வைப்பதற்குச் சமம். நீ எதையும் நனைக்கவில்லை. ஆனால் நான் அப்படி எழுதினால் ஏதோ ஒன்று நனைந்துவிடும். காபிக் கடையில் சொன்னது அப்போது உண்மையாகிவிடும். எஃபெந்திக்கு நீ யார் என்று இன்று தெரியாது; நாளை தெரிந்துவிடும்.

இன்னொன்று உண்டு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 1981இல் அந்தப் புத்தகத்தை எழுதும்போது எடுத்துக்காட்டுக்கு என்னிடம் இருந்ததும் பதினொரு எண்கள்தான். நடு எண்ணை இரு பாதியிலும் சேர் என்றது ஒரு பாடநூல். இரண்டிலும் விடு என்றது இன்னொன்று. எதை எழுதினாலும் மேலிருந்து யாராவது கேட்பார்கள் என்று பயந்தேன். பக்கத்து ஊரிலிருந்து ஓர் எண்ணைக் கொண்டுவந்து பன்னிரண்டாக்கினேன். பன்னிரண்டு பேர் நின்றால் நட்டநடுவில் யாரும் இருப்பதில்லை. கேள்வியும் இல்லை. அதனால்தான் எஃபெந்திக்குப் பதினொன்றை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் மேல் தவறில்லை.

அதைவிடப் பெரியது ஒன்று. என் கையெழுத்துப் படியில் விதியின் கடைசியில் ஒரு வரி இருந்தது: ‘வெளியே விழுந்த எண்ணை நீக்க வேண்டாம், வயலுக்குத் திரும்பிச் சென்று மீண்டும் நிறுக்கவும்.’ அலுவலர்களுக்கு இரட்டை வேலை என்று சொல்லி அப்போதைய மேலதிகாரி அதை அடித்துவிட்டார். அறையில் ஏழு பேர் இருந்தோம். நான் காபிக் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எந்த முறையில் போட்டாலும் கணக்கு உன்னைக் காப்பாற்றாது, யுஸ். கணக்குக்கு உன்னைச் சந்தேகிக்க மட்டும்தான் தெரியும். உன்னைக் காப்பாற்ற நெல்லால்தான் முடியும். அதே விதை எங்காவது இன்னும் அறுக்காமல் நிற்கிறதா?

ஹஸ்னுல்


லூபுக் கம்பீர்
23 ஆகஸ்ட் 1993

உடா,

கிழித்ததைக் கிழித்தேன் என்று எழுதும் துணிச்சலாவது வந்திருக்கிறது.

இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் வயலில் நிற்கும்போது ஒன்று தோன்றியது. நீங்கள் அந்த இரண்டு வரியை எழுதி, என் எண்ணும் சேர்ந்துவிட்டால், ‘அண்ணன் சேர்த்துவிட்டான்’ என்றுதான் பேசுவார்கள். எனக்கு அது வேண்டாம். ஒன்பது போகம் குனிந்து கதிர் பொறுக்கியது உடா இல்லை, நான்.

நிற்கிறது. ஓடை ஓரத்து மேல் பாத்தி. அங்கே தண்ணீர் சில்லென்று வருவதால் எப்போதும் தாமதமாகத்தான் முற்றும். செப்டம்பர் பத்தாம் தேதி வாக்கில் அறுக்க வேண்டும். அதற்கு மேல் வைத்தால் மணி உதிரும்.

ஆனால் வந்து நிறுக்கச் சொல்லி அவர்களிடம் யார் கேட்பது? நான் கேட்டேன். விதியில் அது இல்லை என்றார்கள். விதியில் ஏன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

யுஸ்


பாடாங்
1 செப்டம்பர் 1993

அன்புள்ள யுஸ்,

நேற்று உங்கள் மாவட்ட அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மாதக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எட்டாம் தேதி உன் மேல் பாத்தியில் நிறுக்க ஒப்புக்கொண்டார்கள். மதிய பஸ்ஸில் திரும்பிவிட்டேன். லூபுக் கம்பீருக்குப் போகும் பாதையைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். இறங்கவில்லை.

சில விவரங்கள். ஓர் இடத்தில் அல்ல, மூன்று இடங்களில் சட்டம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். வரப்பிலிருந்து எத்தனை அடி நடந்து, பிறகு பக்கவாட்டில் எத்தனை அடி போவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். நீ இடம் காட்டாதே. நெல்லைத் தொடாதே. நன்றாகக் காய்ந்த பிறகே நிறுக்கச் சொல். வேடிக்கை பார்க்க ஊரைக் கூப்பிடு, குறிப்பாகச் சிரித்தவர்களை.

நான் வரமாட்டேன். நான் வரப்பில் நின்றால் ஒவ்வொரு கிராமிலும் என் பங்கு இருப்பதாக யாருக்காவது தோன்றும்.

எடை குறைவாக வந்தால் குறைவாகவே எழுதட்டும். அப்படி வந்தால் என் மேல் கோபப்படாதே என்று கேட்க எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஹஸ்னுல்


லூபுக் கம்பீர்
14 செப்டம்பர் 1993

என் அன்பான உடா,

முதலில் எண்கள். 6.1, 5.8, 6.4.

இப்போது மற்றது. எட்டாம் தேதி ஊரில் பாதிப் பேர் வரப்பில் நின்றார்கள். எஃபெந்தியே ஷூவைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். சீட்டுக் குலுக்கியது பள்ளிவாசல் பெரியவர். இரண்டாவது சீட்டு, ஓடைத் தண்ணீர் நேராகப் பாயும் மூலையில் போய் விழுந்தது. பாத்தியிலேயே மெலிந்த இடம் அதுதான். ‘அங்கே வேண்டாம்’ என்று நாக்கு நுனி வரை வந்தது. நீங்கள் எழுதியதை நினைத்துக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அந்த 5.8 அங்கே வந்ததுதான்.

மூன்று நாள் ஊர்க்கூடத்தில் காயப்போட்டுப் பூட்டினார்கள். சாவி எஃபெந்தியிடம். நிறுப்பதற்கு முன் ஜமாரிஸ் நாலு மணியை வாயில் போட்டுக் கடித்தான். சத்தம் கேட்டது. “காஞ்ச நெல்லுதான்” என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல், “உனி, அடுத்த போகத்துக்கு எனக்கு ஒரு படி விதை ஒதுக்கி வைங்க” என்றான். எந்தப் பக்கத்துக்கு என்று கேட்டேன். கூடமே சிரித்தது. இந்த முறை நானும் சேர்ந்து சிரித்தேன்.

மூன்றில் நடு எண் 6.1. பழைய 6.3 இடத்தில் அதை வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஜமாரிஸை இரண்டு பக்கமும் சேர்த்தால் நான் இன்னும் வேலிக்கு வெளியே. சேர்க்காவிட்டால் உள்ளே. உடா, இப்போது எனக்கு எந்த முறையும் சம்மதம். பலகையில் புதுத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். சிவப்புக் கோடு இல்லை. ‘மீண்டும் நிறுக்கப்பட்டது. சரி’ என்று இருக்கிறது. விதைக் கூட்டத்துக்கு என் நெல்லில் ஒரு மூட்டை கொண்டுவரச் சொல்லிவிட்டார் எஃபெந்தி.

கடைசியாக ஒன்று. ‘சொல்ல வேண்டியதைச் சொன்னேன்’ என்று எழுதினீர்கள். என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை. உரம் விஷயமாக நம் ஊர்த்தலைவரும் அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர்தான் சொன்னார். எழுதிக் கொண்டுபோன தாளைப் பிரித்துவிட்டு, படிக்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்களாம். அப்புறம் பேசியதை அவர் எனக்கு இரண்டு தடவை சொன்னார். நான்தான் திரும்பச் சொல்லச் சொன்னேன்.

“இந்தப் பதினாலாம் பக்கம் நான் எழுதினது. இதுல ஒரு வரி குறையுது. குறையுதுன்னு எனக்குப் பன்னெண்டு வருஷமாத் தெரியும், சொல்லத் தைரியம் இல்ல. வெளிய விழுந்த எண்ண அடிக்கக் கூடாது, திரும்பப் போய் நிறுக்கணும். இன்னொண்ணு, நீங்க அடிச்ச அந்த வயல் என் தங்கச்சியோடது. அதனால என் பேச்ச நீங்க நம்ப வேண்டாம். தராச நம்புங்க.”

ஊர்த்தலைவர், “உங்க உடா பேசி அன்னிக்குத்தான் கேட்டேன்” என்றார். நானும்தான் என்றேன்.

பெரிய வீட்டுக் கூட்டம் அக்டோபர் பதினைந்து. தாய்மாமன்கள் வரிசையில் உங்கள் இடத்தில் மூன்று வருடமாக யாரும் உட்காரவில்லை. உட்கார நான் விடவில்லை.

உங்கள் தங்கை
யுஸ்


பாடாங்
20 செப்டம்பர் 1993

அன்புள்ள யுஸ்,

இன்று விதைக் கூட்டம். நீ மூட்டையோடு அங்கே உட்கார்ந்திருப்பாய். முடிவு எனக்கு வந்து சேர ஒரு வாரமாகும். அது எதுவானாலும் உன் எண் பலகையில் இருக்கிறது.

அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மஞ்சள் புத்தகத்தில் ஒட்டுவதற்குத் திருத்தத் தாள் ஒன்று எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ஐந்து வரிதான். ஒன்பது தடவை எழுதினேன். நடு எண்ணை என்ன செய்வது என்பதை இந்த முறை தெளிவாகச் சொல்லிவிட்டேன். அடிக்கப்பட்ட அந்த வரியை முதல் வரியாக வைத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு உன் ஊரின் பதினொரு எண்களைப் போட்டுக்கொள்ளலாமா? பெயர்கள் இருக்காது. ஜமாரிஸுக்கு மட்டும் தான் யார் என்று தெரிந்துவிடும்.

அக்டோபர் பதினைந்தாம் தேதி வருகிறேன். கீழ்வயல் பற்றிப் பேசுவேன். தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று தொடங்கினேன். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதினொரு எண்களையும் பெட்டிப் படமாக வரைந்தேன். ஒரு பெட்டி, அதற்குள் ஒரு கோடு, இரண்டு பக்கமும் இரண்டு மீசை. எந்த முறையில் வரைவது என்று நீண்ட நேரம் யோசித்தேன். உன்னை வேலிக்கு வெளியே நிறுத்தும் முறையில்தான் வரைந்தேன். மீசை 4.8இல் முடிகிறது. பிறகு வெறும் தாள். அதையும் தாண்டி, தன்னந்தனியாக, 6.3இல் ஒரு புள்ளி. மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் செய்தித்தாள் வாங்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, “இங்க மை சிந்திருச்சு போல” என்றார்.

“இல்ல,” என்றேன், “அது என் தங்கச்சி.”

உன் உடா
ஹஸ்னுல்